குட்டி ஜப்பானின் கடற்படைத் தளபதி

சிவகாசியில் நாலு நண்பர்கள் சேர்ந்தால் அதில் ஒருவர் டூர் போடுகிறவர். மற்ற மூவரும் "சரி" என்கிறவர்கள். டூர் போடுகிறவர் பிரஸ் வைத்திருக்கலாம், வெடிக்கடை வைத்திருக்கலாம், தீப்பெட்டிக்கு லேபிள் அடித்துக் கொடுக்கலாம். ஆனால் சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று கட்டாயம் இருக்கும். வண்டிக் கணக்கு, பரோட்டாக் கணக்கு, யார் எவ்வளவு தரணும் என்கிற கணக்கு எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பிப்பார். அதில் அவர் ஒருவர்தான் பேசுவார்.

எங்கள் கூட்டத்துத் தளபதி அண்ணாச்சி. காலண்டர் அடிக்கிறவர். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து பொங்கல் வரை அவரை மனிதக் கணக்கில் சேர்க்க முடியாது. கண் சிவந்து, நகக்கண்ணில் மை ஏறி, வீட்டில் சாப்பிடும்போதும் மெஷின் சத்தத்தை மீறுகிற குரலில் பேசுவார். பொங்கல் கழிந்ததும் ஆள் மாறிவிடுவார். நோட்டுப் புத்தக வேலை சூடு பிடிப்பதற்குள் எங்களை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டும் அவருக்கு.

"மாப்ள, இந்தத் தடவை கயாக்" என்றார்.

எங்கள் ஊர் பிழைத்ததே தண்ணீர் இல்லாததால்தான். மழை குறைச்சல், வெயில் கொள்ளை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, குச்சியைக் காய வைக்கத் தனியாக ஓர் ஏற்பாடும் தேவைப்பட்டிருக்காது. ஈரம் என்றாலே எங்களுக்கு நஷ்டம். மருந்து நமத்துவிடும், தாள் ஊறி, நாலு கலரும் நாலு திசைக்கு விலகி, லட்சுமிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். இந்த ஊர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டேன்.

"நேரு நம்மூரை என்னன்னு சொன்னாரு?"

"குட்டி ஜப்பான்னு சொன்னதாச் சொல்வாங்க."

"ஜப்பான்னா என்ன? தீவு. அப்ப நம்மல்லாம் யாரு?"

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

குரூப்புக்கு 'மன்னார் 21' என்று பெயர் வைத்தார். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி தொட்டு ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், நல்லதண்ணி, வான் தீவு என்று சரக்கு லிஸ்ட் போல வாசித்து, "ஒவ்வொண்ணுலயும் எறங்குறோம், ஒரு போட்டோ, ஏறுறோம்" என்றார். 1986லேயே அதை தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள், நினைத்தபடி கரையேற விடமாட்டார்கள் என்றேன். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன என்றும் சொன்னேன். அண்ணாச்சி தாளை விரித்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்: 'ரெண்டு ஸ்டாக் இல்லை.'

கடைசியில் போய்ச் சேர்ந்தது காரங்காடு. தொண்டிப் பக்கத்து மீனவ ஊர். பாக் விரிகுடாக் கரையில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். நாலு மணிக்குக் கிளம்புகிற வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியது. முந்தின ராத்திரியே விருதுநகரில் கட்டிவைத்த எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர் சேவு, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா எல்லாம் பின்சீட்டில். கடலுக்குப் போகிறோமா, பெண் கேட்டுப் போகிறோமா என்று சந்தேகமாக இருந்தது.

கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்கள் வேட்டைக்குச் செய்துகொண்ட படகு. சட்டத்தின்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, ஓட்டுகிறவனின் உடம்பை அளவெடுத்தே கட்டுவார்களாம். காரங்காட்டில் இருப்பது பிளாஸ்டிக், அளவெடுப்பதில்லை. லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளில் ஒன்றுதான் அண்ணாச்சிக்கு மாட்டியது. "துணி சுருங்கிருச்சு தம்பி" என்றார் துணைக்கு வந்த ஊர்ப் பையனிடம்.

முதலில் தனிப் படகுதான் வேண்டும் என்றார். "கட்டுமரம்கிறதே நம்ம தமிழ்ச் சொல்லு, வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை உண்டு. வலது, இடது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அண்ணாச்சி வலது கைக்காரர். வலது பக்கமே போட்டார். படகு இருந்த இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. வேகம் கூட்டினார், சுற்றும் கூடியது. தண்ணீரில் நமத்துப் போகாத சங்குச் சக்கரத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் போடணும்" என்று கரையிலிருந்து பையன் கத்தினான்.

"இது வேற ரகம் தம்பி!" என்றார் சுற்றிக்கொண்டே.

பிறகு இரட்டைப் படகு. கனத்தவர் பின்னால் உட்கார வேண்டுமாம். தளபதி பின்னால், படை முன்னால். படை என்றால் நான். துடுப்பை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நின்று பேப்பர் ஊட்டச் சொல்கிற அதே குரலில், "இழு… இழு… விட்டு இழு" என்றார். அவர் விட்டுவிட்டார், நான் இழுத்தேன்.

உள்ளே போனால் அமைதி. வாய்க்கால் வாய்க்காலாகப் பிரியும் நீர்; நடுவில் திட்டுத் திட்டாக மரங்கள். சேற்றிலிருந்து அலையாத்தியின் மூச்சு வேர்கள், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்புகளை மணலில் செருகி வைத்தாற்போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அண்ணாச்சிகூடப் பேசவில்லை. பிறகு முதல் திட்டைக் காட்டி, "ஒண்ணு" என்றார்.

"அது தீவு இல்லண்ணே" என்றான் பக்கத்துப் படகில் வந்த பையன்.

"சுத்தித் தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"பெறகென்ன?"

பதினேழு வரை எண்ணினார். தண்ணீர் வற்றுகிறது, திரும்பலாம் என்றான் பையன். திரும்பும்போது அதே திட்டுகளை மறுபக்கத்திலிருந்து எண்ணி 21ஐ முடித்தார். "பின்பக்கம் வேற தீவு மாப்ள, காலண்டருக்கு முன் அட்டை வேற, பின் அட்டை வேற இல்லையா?"

அந்தச் சந்தோஷத்தில் போட்டோவுக்காகத் துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். இலையில் நின்ற உப்புத் தண்ணீர் முழுவதும் சட்டைப்பைக்குள் இறங்கியது.

கரையில் தாளை விரித்தோம். மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. யார் தந்தது, யார் தராதது, ஒன்றும் தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் கணவாயும் இலையில் வந்துவிட்டன. "சாப்பிடுங்க, கணக்கை ஊருக்குப் போய்ப் பாத்துக்கிடலாம்" என்றார். ஊருக்கு வந்தோம், அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. போன வருடம் மூணாறு போய்வந்தபோது தாள் நனையவில்லை; அப்போதும் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று பிரஸ்ஸுக்குப் போனேன். புது ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருந்தது. சேற்றுத் தண்ணீர் நீலமாகியிருந்தது. அலையாத்தி போய், பின்னால் பனிமலை நின்றது. லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கியும் கச்சிதமாக மாட்டியிருந்தது. முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்ட என் இடத்தில் ஓர் அன்னப் பறவை. அண்ணாச்சி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு மெஷின்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்:

"அன்னத்துல மெஜந்தா தூக்கலா இருக்குய்யா, கொஞ்சம் கொறை!"