‘எப்ப போறீங்கள்?’: மடுவுக்கு வந்த இங்கிலிஸ் வாத்தியார் பற்றிய ஓர் ஆய்வு

ஒருவர் ஓர் ஊரில் குடியேறிவிட்டார் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? கிராம அலுவலரின் பதிவைக் கொண்டு என்பார்கள் நிர்வாகவியலார். வாக்காளர் இடாப்பைக் கொண்டு என்பார்கள் அரசியல்வாதிகள். இரு தரப்பும் தவறு. அந்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில் அவரிடம் கேட்கப்படுகிற கேள்வி எது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவப் பயன்பட்ட ஆட்களின் எண்ணிக்கை 1. அந்த ஒருவர் நான்தான். மாதிரி போதாது என்று குறைப்படும் அறிஞர்கள் தாங்களும் மன்னாரிலுள்ள மடு வலயத்துக்கு இங்கிலிஸ் படிப்பிக்க வந்து அதை 2 ஆக்கித் தரலாம்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமலில்லை. தென்கொரியா 1995 முதல் ‘எப்பிக்’ என்ற திட்டத்தில் வெளிநாட்டாரைத் தன் பாடசாலைகளுக்கு இங்கிலிஸ் படிப்பிக்க அழைக்கிறது. சோல் நகரைக் கனவு கண்டு போய், பேர் தெரியாத சின்ன நகரமொன்றில் இறங்குகிற கனடாக்காரருக்கு வீடு கொடுக்கிறார்கள். அவருடைய பெரிய துன்பம் குப்பை. அங்கே அதற்கென்று விற்கிற பையைக் காசு கொடுத்து வாங்கித்தான் குப்பை போடலாம். அந்தச் சட்டமும் அதே 1995இல் வந்ததுதான். இங்கிலிஸ் வாத்தியார்களுக்கும் குப்பைப் பைகளுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத்தக்கது. எப்பிக்கில் போகிறவர்களின் விசாவுக்கு, இங்கிலிஸ் தாய்மொழியானவை என்று ஏழு நாடுகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த ஏழில் யாழ்ப்பாணம் இல்லை. ஆகவே எனக்கு வாய்த்தது மடு.

யாழ்ப்பாணத்தான் மடுவில் வெளிநாட்டவனா என்று கேட்பவர்கள் வன்னியில் ஒரு கிழமை நின்று பார்க்கவில்லை. நான் எதற்கும் முதலில் விலை கேட்பேன் என்றும், கறிக்குப் புளி காணாது என்பேன் என்றும், வெள்ளிக்கிழமை மத்தியானம் காணாமல் போவேன் என்றும் நான் வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்றும் உண்மையானது என் குற்றமல்ல.

ஆய்வுக்களத்தை அடைவதே ஓர் ஆய்வு. தலைமன்னார் ரயில் பாதையில் ‘மடு வீதி’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1914இல் திறந்த பாதை 1990இல் போரோடு நின்று, 2013இல் இந்த நிலையம் வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே இறங்கினால் பெயர்ப்பலகை பொய் சொல்லவில்லை என்பது விளங்கும். வீதிதான் இருக்கிறது, மடு இல்லை. அது காட்டுக்குள் இன்னும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். வழியில் குரங்கு நிச்சயம், மயில் பெரும்பாலும், ஆனை நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இனி கேள்விகள். முதலாவது, ‘எப்ப வந்தனீங்கள்?’ இதற்கு ஆயுள் ஒரு கிழமை. தகவல் கேட்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. அந்தக் கிழமையில் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டார்கள். இதில் ஆராய அதிகமில்லை. தேத்தண்ணியில் சீனி கூட என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது, ‘எப்ப போறீங்கள்?’ இதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வீட்டு வாசலில் நின்று யாரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் ‘போட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று திருத்தம் வரும். அப்படியிருக்க என்னைப் பார்த்து மொட்டையாகப் ‘போறது’ பற்றிக் கேட்கிறார்களே என்று முதலில் மனம் நொந்தது. பிறகு சான்றுகளைத் திரட்டியபோது நியாயம் அவர்கள் பக்கம் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை 1.30க்கு மணி அடிக்கும். மூன்றாம் பாடத்திலேயே என் பை கட்டப்பட்டு மேசைக்குக் கீழே நிற்கும். மடுச் சந்தி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று மூன்று பஸ் மாறினால் இராச்சாப்பாட்டுக்கு அம்மா வீடு. ஒரு வெள்ளி கடைசிப் பாடத்தில் நான் எதிர்காலம் படிப்பித்ததாகவும், உதாரணம் பத்தும் ‘ஐ வில் கோ’ என்றே தொடங்கியதாகவும் தரம் எட்டு மாணவி ஒருத்தியின் கொப்பி சாட்சி சொல்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. மடு என்பதே வந்து போகிறவர்களின் ஊர். மடு மாதா கோவிலின் ஆவணி 15 திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் சனம் வரும். மரத்துக்கு மரம் கூடாரம், அடுப்பு, கொடியில் காயும் சேலை. திருவிழா முடிந்தால் மரம் மட்டும் நிற்கும். 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஹெலிகொப்டரில் வந்தார், அன்றைக்கே போய்விட்டார். அவரிடம் இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. 1990க்குப் பிறகு வந்தவர்கள் கதை வேறு. சண்டைக்குத் தப்பி ஆயிரமாயிரமாய் வந்து கோவிலைச் சுற்றித் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள், ஐ.நா. அகதிகள் நிறுவனம் இங்கே ஒரு நிவாரண நிலையமே நடத்தியது. தேத்தண்ணிக் கடைக்காரரின் தாயாரிடம், ஏன் அம்மாச்சி எல்லாரும் இப்பிடிக் கேக்கினம் என்று ஒருநாள் கேட்டேன்.

“இஞ்ச ஆர் வந்தாலும் கேக்கிறதுதான் தம்பி. அந்த நேரம் நாலு நாளில போறம் எண்டு வந்ததுகள் எத்தினை வருசம் நிண்டதுகள். எப்ப போறியள் எண்டு கேட்டால் அழுங்கள். பிறகு கேக்கிறேல்ல.”

அதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வி ‘எங்க போட்டு வாறீங்கள்?’ இதைக் கேட்டுவிட்டால் ஆள் குடியேறியாயிற்று. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது: போட்டு வருகிறவனுக்குத்தான் வருவதற்கு ஓர் இடம் உண்டு. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு முதல் தகுதி பெற்றவர் மடு மாதாதான். ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன. அதாவது மாதாவும் வெளியிடத்திலிருந்து வந்தவர். 2008 சித்திரையில் சண்டை கிட்ட வந்தபோது தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணியில் திரும்பி வந்தார். இப்போதுள்ள கோவிலுக்கு 1872இல் அத்திவாரம் போட்ட பொன்ஜீன் ஆண்டகையோ பிரெஞ்சுக்காரர், 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். இத்தனை பேரையும் ஏற்றுக்கொண்ட ஊர் ஒரு யாழ்ப்பாணத்தானை ஏற்கத் தயங்கியதென்றால் பிழை யாழ்ப்பாணத்தான் மேல்தான் என்று நடுநிலையோடு முடிவு செய்கிறேன்.

இடையில் பெயர் பற்றிய சிக்கல் ஒன்று. நான் நடைபாதையில் திரும்பினால் வகுப்புக்குள் எச்சரிக்கை ஒலிக்கும்: “டேய், இங்கிலிஸ் வருது!” வருகிறார் அல்ல, வருகிறான்கூட அல்ல, வருது. தொல்காப்பியர் மக்களை உயர்திணையில் வைத்தார். தரம் எட்டு ‘பி’ என்னை அஃறிணைக்கு இறக்கியது. ஆகுபெயர் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்னும்போது ஆளின் பெயர் நூலுக்குப் போகிறது. இங்கே பாடத்தின் பெயர் ஆளுக்கு வந்து ஒட்டியிருக்கிறது. கணக்குச் சேரைக் ‘கணக்கு’ என்று யாரும் சொல்வதில்லை என்பதால் மாணவர்கள் அளிக்கும் விசேட ஆகுபெயர் என்று தனி வகை வகுப்பதே தகும்.

இந்தக் கௌரவமும் நிலைக்கவில்லை. சாதாரண தரம் முடித்த பழைய மாணவன் ஒருவன் மோட்டசைக்கிளை நிறுத்தி, “சேர், உங்களுக்குக் கொரியன் தெரியுமோ?” என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் முகத்தில் தெரிந்தது இரக்கம். கொரியாவுக்கு வேலைக்குப் போகக் கொரியன் சோதினை எடுக்க வேண்டும். அதற்கு வகுப்புக்குப் போகிறான். உலகத்தார் இங்கிலிஸ் படிப்பிக்கக் கொரியாவுக்குப் போக, என்னிடம் இங்கிலிஸ் படித்தவன் கொரியன் படித்துக்கொண்டு அங்கே போகிறான். நடுவில் நிற்பது நான் ஒருவன்தான், அதுவும் மடுவில்.

இறுதியாக எழுத்துச் சான்று. கடைக்காரரிடம் ஒரு கடன் கொப்பி உண்டு. எனக்கு முதலில் இலவசம், பிறகு காசு, அதற்குப் பிறகு “இருக்கட்டும் சேர், பிறகு தாங்கோ.” அந்தக் கொப்பியை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஆட்களின் பெயருக்கு நடுவே ‘இங்கிலிஸ்’ என்று ஒரு வரி. பக்கத்தில் தேத்தண்ணி 4, வடை 3. கல்வெட்டாளர்கள் இதை எப்படி வாசிப்பார்களோ, எனக்கு மட்டும் அன்று கொஞ்சம் பெருமைதான்.

கள ஆய்வின் கடைசிப் பதிவு ஒரு திங்கட்கிழமைக் காலை. யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினேன். பையின் பக்கப் பொக்கற்றில் நிரப்பிய இடமாற்ற விண்ணப்பம். அம்மா பக்கத்திலிருந்து நிரப்புவித்தது. காரணம் கேட்கும் இடத்தில் மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாய் விட்டிருந்தேன். கடைக்காரர் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“என்ன சேர், எங்க போட்டு வாறீங்கள்?”

மூன்றாவது கேள்வி! ஆய்வாளனுக்குரிய நிதானத்தோடு பதில் சொன்னேன். “சும்மா, ஊருக்குப் போட்டு வாறன்.”

அவர் கிளாசை வைத்துவிட்டுக் கொப்பியை இழுத்து ‘இங்கிலிஸ்’ வரியில் ஒரு கோடு போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“எந்த ஊருக்கு?”