கூண்டுக்கு ஆயுசு கெட்டியா?

கேள்வி: கூண்டில் வளரும் பறவைக்கு ஆயுள் அதிகமா, வெளியே பறப்பதற்கா?

பதில்: பெரும்பாலும் கூண்டில் இருப்பதற்குத்தான். வேளாவேளைக்குத் தீனி, வல்லூறு பயமில்லை, நோய் வந்தால் வைத்தியர். 1934-இல் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சி சாலை திறந்தபோது வந்து சேர்ந்த 'குக்கி' என்ற காக்கட்டூ கிளி, 2016-இல் 83 வயதில்தான் கண்ணை மூடியது. வெளியே அந்தச் சீராட்டு ஏது? சிட்டுக்குருவிக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காண்பதே இல்லை.

ஆனால் 'விஸ்டம்' என்ற ஆல்பட்ராஸ் பாட்டியின் கதையே வேறு. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பறவையின் காலில் வளையம் மாட்டினார். 46 வருஷம் கழித்து, 2002-இல், அதே தீவில் அதே பறவை அவர் கையிலேயே மறுபடி சிக்கியது! மனிதர் எண்பதைத் தாண்டியிருந்தார். பறவைக்கோ குடும்பப் பொறுப்பே முடியவில்லை. காலில் மாட்டிய வளையங்கள்தான் தேய்ந்து தேய்ந்து மாறின. 2024 கடைசியில், 74 வயது வாக்கில், புதுத் துணையோடு வந்து இன்னொரு முட்டை இட்டது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சந்தோஷமான பறவைச் செய்தி கிடையாது. கூண்டு இல்லை, வைத்தியர் இல்லை, கடலும் காற்றும்தான்.

அதனால், ஆயுள் கூடுமென்று பச்சைக்கிளியைப் பிடித்து அடைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.