நடிகைக்கு வேலை இல்லை, காருக்குக் கால்ஷீட்

பழைய ஹாலிவுட் படத்தில் மூக்கு நீண்ட கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றால் போதும், 'ரோல்ஸ் ராய்ஸ்' என்று சத்தியம் செய்ய நாலு பேர் தயாராக இருப்பார்கள். பில்லி வைல்டர் 1950இல் எடுத்த 'சன்செட் புலவார்ட்' காருக்கும் இதே கதிதான். இத்தனைக்கும் அதில் துப்பறிய ஒன்றுமே இல்லை. மார்க்கெட் போன மௌனப்பட நாயகி நார்மா டெஸ்மண்ட் 'இசோட்டா ஃபிராஸ்கினி' என்று பெயரையும், 28,000 டாலர் என்று விலையையும் தானே சொல்லிவிடுகிறாள். 1929இல் ஒரு ஃபோர்டு மாடல் ஏ சுமார் 500 டாலர். அம்மணி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஃபோர்டுகளை ஒரே ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார்.

அவள் சொல்லாமல் விட்டது, பாடி கட்டியவரின் பெயரை. மிலானில் இருந்த இசோட்டா கம்பெனி பெரும்பாலும் சேஸியையும் இன்ஜினையும் மட்டும்தான் விற்றது. எட்டு சிலிண்டர், 7.3 லிட்டர், அதற்கு மேல் உன் பாடு. வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போய், கரூரில் பஸ்ஸுக்குக் கட்டுகிறார்களே அப்படி, தனியாக ஒரு பட்டறையில் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். நார்மாவின் 8ஏ மாடலுக்குக் கட்டியது அதே ஊர் காஸ்தான்யா பட்டறை. முதலாளியம்மா கூரைக்கடியில், டிரைவர் வெயிலிலும் மழையிலும். அக்காலத்து ஆடம்பரத்தின் அர்த்தமே அதுதான். உள்ளே சிறுத்தைத் தோல் இருக்கை. முன்னால் இருக்கும் டிரைவரிடம் பேச ஒரு டெலிபோன், அதற்கும் தங்க முலாம்.

இந்த ரதத்துக்குச் சாரதி, நார்மாவின் பட்லர் மாக்ஸாக நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைம். மௌனப்படக் காலத்தில் தயாரிப்பாளர்களை அழவைத்த மகா இயக்குநர். நார்மாவாக நடித்த குளோரியா ஸ்வான்சனையே 'குவீன் கெல்லி'யில் இயக்கியவர். அவரிடம் ஒரே ஒரு சின்னக் குறை: கார் ஓட்டத் தெரியாது. யூனிட்டார் காரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அப்படியும் பாரமவுண்ட் ஸ்டூடியோவின் கேட்டில் கொண்டுபோய் இடித்தார் என்று பிற்காலத்தில் வைல்டர் ரசித்துச் சொல்லியிருக்கிறார். இழுத்துப் போகிற காரையும் இடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

படத்தின் குரூரமான நகைச்சுவையும் காரை வைத்துத்தான். பாரமவுண்டிலிருந்து திரும்பத் திரும்ப போன் வருகிறது. இயக்குநர் செசில் பி. டெமில் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நார்மா அலங்காரம் செய்துகொண்டு புறப்பட்டுவிடுகிறாள். கேட்டில் நிற்கும் இளம் காவலாளிக்கு அவளை யாரென்றே தெரியவில்லை. உள்ளே போனால் விஷயம் வேறு: நடிகர் பிங் கிராஸ்பி படம் ஒன்றுக்குப் பழைய கார் வேண்டும், வாடகைக்குக் கிடைக்குமா என்றுதான் அத்தனை போனும். படத்தில் தன் வேடத்திலேயே நடித்த டெமில் அதை அவளிடம் சொல்ல மனமில்லாமல் மென்று விழுங்குகிறார். மாக்ஸும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. ஸ்டூடியோ தேடியது அம்மணியை அல்ல, அவர் வாகனத்தை.

காரைச் செய்தவர்கள் கதையும் கிட்டத்தட்ட அம்மணி கதைதான். 1929இல் பங்குச் சந்தை கவிழ்ந்ததும், இப்படிப்பட்ட வண்டி வாங்கும் கூட்டம் காணாமல் போயிற்று. போருக்குப் பின் 'மோன்டெரோசா' என்ற மாடலோடு இசோட்டா திரும்பி வரப் பார்த்தது. சில மாதிரி வண்டிகளைத் தாண்டவில்லை. படம் வெளியானபோது கம்பெனியும் மார்க்கெட் போன நட்சத்திரம்தான்.

கார் மட்டும் பிழைத்துக்கொண்டு இத்தாலிக்கே திரும்பி, டூரின் நகர மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. படத்துக்கு 11 ஆஸ்கர் பரிந்துரைகள். ஸ்வான்சன், ஸ்ட்ரோஹைம், வில்லியம் ஹோல்டன், நான்ஸி ஓல்சன் என்று நடிப்புக்காகவே நான்கு பேர் போட்டியிட்டு நால்வரும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். கலை இயக்கத்துக்கு விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், அதில் பாதி காருக்குச் சேர வேண்டியது.