தெரு இல்லாத தெருக்கடை

சிங்கப்பூருக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு இருட்டினால் ஒரே தேடல்தான்: 'அசல்' தெருச் சாப்பாடு. பாவம், அவர் தேடும் தெருவை அரசாங்கம் எப்போதோ கூட்டிப் பெருக்கிவிட்டது. 1960களின் கடைசியில் தெருவோர வியாபாரிகளைப் பதிவுசெய்து, 1986க்குள் அவர்களைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களில் குடியேற்றினார்கள். 2020இல் அந்த உணவங்காடிக் கலாசாரத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. தெருக்கடை புகழ் பெற்றது தெருவை விட்டுப் போன பிறகுதான். வேடிக்கை அதோடு முடியவில்லை. லாவ் பா சாட் உணவங்காடியை ஒட்டிய பூன் டாட் தெருவில் இப்போது மாலையானால் வண்டிகளைத் தடுத்து, சாத்தே அடுப்புகளை நடுத்தெருவுக்கே கொண்டுவருகிறார்கள். அன்று இடைஞ்சலாக இருந்த புகை இன்று ஈர்ப்பு.

நாக்குக்கு எதற்கு வரலாறு, ருசி போதாதா என்று கேட்கலாம். தாராளமாகப் போதும், அப்படியானால் 'அசல்' என்ற சொல்லை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டு வரலாம். நல்ல கடையைக் காட்ட மிஷெலின் உணவு வழிகாட்டி இருக்கிறதே என்பார்கள். 2016இல் ஓர் உணவங்காடிக் கடையின் சோயா சாஸ் கோழிச் சோற்றுக்கு நட்சத்திரம் வந்தது. 2021இல் அந்தக் கடையின் பெயருக்கு அது இல்லை. நட்சத்திரத்தை நம்பி வரிசையில் நின்றவர்கள் ருசித்தது கோழியையா, பட்டியலையா? அசலேதான் வேண்டுமென்றால் அது மேசைமேலேயே இருக்கிறது: இடம்பிடிக்க யாரோ வைத்துப்போன டிஷ்யூ பொட்டலம். அதை மட்டும் யாரும் படமெடுப்பதில்லை.