கருப்பின் மேல் பழுப்பு ஏறுமா? மறுசாயம் குறித்த ஓர் ஆய்வுரை

அறிஞர் பெருமக்கள் இதுவரை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு சிக்கலை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது: ஏற்கெனவே டை அடித்த தலையில் வேறு நிறம் ஏற்ற முடியுமா? மாதம் தவறாமல் கருப்பு டை அடித்துவரும் ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்வோம். மகள் கல்யாணம் நெருங்குகிறது. கன்னங்கரேலென்ற தலை வயதுக்குப் பொருந்தவில்லை என்று வீட்டில் பேச்சு வர, 'இயற்கைப் பழுப்பு' என்று போட்ட டப்பா ஒன்று வந்து சேர்கிறது. காதோரம் தேங்காய் எண்ணெய் தடவி, தோளில் பழைய துண்டைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பூசி, அரை மணி நேரம் உட்கார்ந்து, அலசிப் பார்த்தால் வேரோரம் ஒரு விரற்கடை அகலத்துக்குச் செம்பழுப்பு. அதற்கு மேல் நுனிவரை அதே பழைய கருப்பு. உடனே கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டார் என்று தீர்ப்பாகிவிடும். கடைக்காரர் நிரபராதி என்பதே இவ்வாய்வின் துணிபு. குற்றவாளி, அந்தத் தலையில் சென்ற மாதம்வரை அடித்த டை. முடிச்சாயம் ஒருவழிப் பாதை. கருப்பை நோக்கி எவரும் போகலாம். கருப்பிலிருந்து திரும்பிவரச் சாயத்தால் ஆகாது.

சான்றுகளுக்கு வருவோம். கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்ற வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், 1856-ல் லண்டனில் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதிலிருந்து தொடங்கிய செயற்கைச் சாயங்களின் ஊர்வலம் துணியோடு நிற்காமல் தலைக்கும் ஏறியது. யூஜின் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1907 வாக்கில் பாரிஸ் முடிதிருத்துநர்களுக்குச் சாயம் தயாரித்து விற்கத் தொடங்கி, 1909-ல் நிறுவனமே ஆரம்பித்தார். இன்று லோரியல் என்று நாம் அறிவது அதைத்தான். இன்றைய நிரந்தரச் சாயங்கள் பலவற்றின் அடிப்படைச் சரக்கு பாரா-ஃபினைலீன்டையமின். பூசும்போது அது நிறமற்ற சிறு மூலக்கூறு. கலவையிலுள்ள அம்மோனியா முடியின் மேற்செதில்களை உப்பச் செய்து வழிவிட, அது உள்ளே நுழைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தரும் ஆக்சிஜன் பட்டதும் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பருத்து நிறம் பெறுகின்றன. கிண்ணத்தில் மிஞ்சிய கலவை சற்று நேரத்தில் தானே கறுத்துப்போவதும் இதனால்தான். மெலிந்த உடம்போடு குதிருக்குள் புகுந்த எலி, நெல் தின்று கொழுத்தபின் வந்த ஓட்டை வழியே வெளியேற முடியாமல் தவிப்பது போன்ற நிலை இது. சாயம் வெளுத்துப்போகும் என்று ஊரில் சொல்வதெல்லாம் வேட்டி சேலைக்குச் சரி.

இனி ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஆகவே இடுப்பைத் தொடும் 60 செ.மீ. கூந்தலின் நுனி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. மாதம் ஒருமுறை முழுத் தலைக்கும் டை அடிப்பவரின் முடியில், வேரிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி நிற்கிறோமோ ஏறக்குறைய அத்தனை பூச்சு அந்த இடத்தில் ஏறியிருக்கும். 5 செ.மீ.யில் ஐந்து பூச்சு, 60 செ.மீ.யில் அறுபது. இதை மறுசாயத்தின் முதல் விதி என்று கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர் 1931-ல் கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்துத் தனியே எடுத்துக் கீழ் அடுக்கை வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே இரண்டே அடுக்கு. அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக. கூந்தலிலோ அறுபது அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. அதை உரிக்கும் வேலை பார்லரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

டப்பாவே நிறத்தை வெளுக்கும் என்று போட்டிருக்கிறதே என்பது முதல் மறுப்பு. போட்டிருப்பது உண்மை, ஆனால் யாருடைய முடியை? பெட்டியோடு வரும் டெவலப்பரில் பெரும்பாலும் 6 சதவீதப் பெராக்சைடு இருக்கும். பார்லரில் இதை 20 வால்யூம் என்பார்கள். அது முடியின் சொந்த நிறமியான மெலனினைச் சற்று வெளுக்கும். ஏற்கெனவே உள்ளே பருத்துக் கிடக்கும் செயற்கைச் சாயத்தை அசைக்கும் வலு அதற்கு இல்லை. சாயத்தைச் சாயம் தூக்காது என்று முடி அலங்காரத் தொழிலில் பாலபாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அட்டைப்படத்துப் பெண்ணின் தலை, கருப்பு டை பார்த்தறியாத தலை என்று வைத்துக்கொள்வதே நியாயம். நம் குடும்பத் தலைவருக்கு வேரோரம் மட்டும் நிறம் பிடித்ததற்கும் இதுவே காரணம்: அந்த ஒரு விரற்கடை, சென்ற முறைக்குப் பின் முளைத்த புது நரை. போதாததற்கு, தோலின் சூட்டில் வேர்ப்பகுதியில் வினை இன்னும் விரைவாக நடக்கும். ஆக, டப்பா சொன்னதைச் செய்தது. செய்ய இடமிருந்த இடத்தில் மட்டும் செய்தது.

பிளீச் இருக்கிறதே என்பார்கள் அடுத்து. இருக்கிறது, பெர்சல்பேட் உப்பும் பெராக்சைடும் சேர்ந்த அந்தக் கலவை செயற்கைச் சாயத்தையும் உடைக்கும். ஆனால் அது நாம் கைகாட்டிய இடத்தில் நிற்கும் வண்டியல்ல. கருப்பு முதலில் செம்பழுப்பாகும், பிறகு சிவப்பு கலந்த ஆரஞ்சு, பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். இந்த வழியில் பழுப்பு எங்கே வருகிறது என்று கேட்டால், ஆரஞ்சுவரை போய், அதன்மேல் நீலம் கலந்த டோனரைப் போட்டு மட்டுப்படுத்திப் பழுப்பாக்க வேண்டும். அதாவது பழுப்புக்குப் போக ஆரஞ்சில் இறங்கி வண்டி மாற வேண்டும். முதல் விதி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது: ஐந்து பூச்சு ஏறிய இடம் மஞ்சளாகும்போது நாற்பது பூச்சு ஏறிய இடம் செம்பழுப்பைத் தாண்டியிருக்காது, நுனி வெளுக்கும்வரை காத்திருந்தால் அது நாராகிவிடும். கந்தகச் சேர்மங்களைக் கொண்ட கலர் ரிமூவர்கள், பருத்த சாய மூலக்கூறுகளை மீண்டும் சிறிதாக்கி வெளியேற்றும் நல்ல உத்தி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சரியாக அலசாவிட்டால், உள்ளே தங்கிய துண்டுகள் மறுபடி ஆக்சிஜன் பட்டுக் கறுத்துவிடும். வெளியே போனவன் செருப்பை மறந்து திரும்பி வந்த கதைதான். விவரம் தெரிந்த அழகுக்கலை நிபுணர் இந்த வேலைக்குக் கலர் கரெக்‌ஷன் என்று தனிப்பெயர் வைத்துத் தனிக் கட்டணம் வாங்குவதைக் கொள்ளை என்று சொல்ல இவ்வாய்வுக்கு மனமில்லை.

இயற்கைப் பொருள் கட்சியினரின் வாதம் வேறு. நாங்கள் டையே அடிப்பதில்லை, மருதாணிதான் என்பார்கள். மருதாணியின் சிவப்புக்குக் காரணமான லாசோன், முடியின் கெரட்டினோடு பிணைந்து உட்காருவது. இயற்கையானது என்பதற்காக அது எழுந்து இடம் விடாது. மருதாணிக்கு மேல் அவுரி பூசிக் கருப்பாக்கியவர் பிளீச் போட்டால் தலை பச்சையாகிற அபாயமும் உண்டு. இன்னொரு நுட்பம்: கடையில் கருப்பு ஹென்னா என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில், பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்தால், அதே பாரா-ஃபினைலீன்டையமின் இருக்கும். மருதாணி இலை சிவப்பைத்தான் தரும், கருப்பைத் தராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளங்கையைப் பார்த்தால் போதும். எனவே ஹென்னாக் கட்சியினரில் ஒரு பகுதியினர், தமக்கே தெரியாமல் டைக் கட்சியில் உறுப்பினர்கள்.

விட்டுவிட்டால் தானே நரை வந்துவிடாதா என்பது மிகவும் மதிக்கத்தக்க மறுப்பு. 2011-ல் 'மங்காத்தா' படத்தில் அஜித் நரைத்த தலையோடு வந்ததிலிருந்து அதற்கு ஒரு மிடுக்கும் சேர்ந்துவிட்டது. 2020 ஊரடங்கில் சலூன்கள் பூட்டிக் கிடந்தபோது பல தலைகள் விருப்பமில்லாமலே இந்தச் சோதனையில் இறங்கின. ஆனால் கணக்கைப் போட்டால் இது ஆண்களின் சலுகை என்பது புலப்படும். 6 செ.மீ. கிராப்பு வைத்தவர், அவ்வப்போது வெட்டிக்கொண்டே வந்தால் ஆறேழு மாதத்தில் பழைய சாயத்தை முழுதும் உதிர்த்துவிடுவார். 60 செ.மீ. கூந்தல் உள்ளவர் நுனியில் கை வைக்காமல் காத்திருந்தால் ஐந்து ஆண்டு ஆகும். அந்த ஐந்து ஆண்டும் வகிட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை மாதம் ஒரு செ.மீ. வீதம் இறங்கிவர, ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் யாராவது ஒருவர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அதே நரையோடு வரும் கணவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மறுசாயத்தின் இரண்டாம் விதி: வெளியேறும் செலவு முடியின் நீளத்தைப் பொறுத்தது, முடியின் நீளத்தையோ பெரும்பாலும் ஊர்தான் தீர்மானிக்கிறது.

எஞ்சியிருப்பது ஒரே மறுப்பு: மொட்டை. ஆய்வு முறையில் இதற்கு மாற்றுச் சொல்ல ஒன்றுமில்லை. அறுபது பூச்சும் சில நிமிடங்களில் தரையில் கிடக்கும். மறுவாரம் முளைப்பது கலப்படமற்ற சொந்த நிறம். பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டால் ஊரும் காரணம் கேட்காது. ஒரு சிறு குறைதான். மொட்டை போடும் ஆண்கள் பலரும் மீசையைத் தொடவிடுவதில்லை; அந்த மீசைக்கும் போன வாரம்தான் தலையோடு சேர்த்து டை அடித்திருப்பார்கள். சந்தனம் பூசிய தலைக்குக் கீழே அது கன்னங்கரேலென்று நிற்கும். நறுக்கி நறுக்கி அதுவும் வெளுக்க இன்னும் இரண்டு மாதம் பிடிக்கும்.