வரி இல்லாச் சீமைக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, வாலே, இப்படித் திண்ணையில உக்காரு. கேட்டரிங் படிச்சு பட்டம் வாங்கின கையோட கேமன் தீவுல ஓட்டல் வேலை கெடச்சிருச்சாம்ல? வீட்டுல தின்ன தட்டைக் கழுவாத புள்ள, கடல் தாண்டிப் போய் ஊரான் தட்டைக் கழுவப் போறான்னதும் உங்க ஆச்சிக்குப் பெருமை தாங்கல.

"அங்க வருமான வரியே கெடையாது தாத்தா"ன்னு நாலு தெருவுக்குக் கேக்கச் சொன்னியே, நெசந்தான். சம்பளத்துல கவர்மெண்டு கை வைக்காது. ஆனா கவர்மெண்டு என்ன காத்தைக் குடிச்சா காலந்தள்ளுது? தீவுல எறங்குற சாமான் முக்காவாசிக்கு 22 சதவீதம் சுங்கம். நீ போற பெரிய தீவுல ஒரு ஆறுகூட கெடையாது. அரிசி, பருப்பு, சோப்பு, செருப்பு எல்லாம் கப்பல்லதான் வரணும். சம்பளத்துல புடிக்காத வரியைக் கடையில உன் கையாலயே எடுத்து நீட்ட வைக்கான். நீயும் "நன்றி"ன்னு சொல்லிட்டு வருவே.

சம்பளம் எந்த டாலர்லன்னு கேட்டியா? முழிக்கிற முழியைப் பாரு. ஒரு கேமன் டாலர்னா 1.20 அமெரிக்க டாலர். வேலைக் கடுதாசியில வெறும் "டாலர்"னு இருந்தா, எந்த டாலர்னு எழுதி வாங்கு. நீ ஒண்ணை நெனச்சு, அவன் இன்னொண்ணைக் குடுத்தா, மொதல் மாசமே ஆறுல ஒரு பங்கைக் காணோம்னு தேடணும்.

ஓட்டல்ல சர்வீஸ் சார்ஜ்னு வாங்கி எல்லாருக்கும் பங்கு போடுவாங்க. டிசம்பர் நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும் வெள்ளைக்காரன் குளிருக்குப் பயந்து ஓடி வருவான். உன் பங்கு கொழுக்கும். செப்டம்பர், அக்டோபர்ல புயலுக்குப் பயந்து எட்டிப் பாக்க மாட்டான், பங்கும் மெலியும். வீட்டு வாடகைக்கு மட்டும் குளிரும் தெரியாது, புயலும் தெரியாது. அதனால தனி வீடு, கடல் பாத்த ஜன்னல்னு கனாக் காணாம, நாலு பேரோட சேந்து ரூம் எடு. 2004 செப்டம்பர்ல ஐவான்னு ஒரு புயல் அந்தத் தீவையே பொரட்டிப் போட்டுச்சு. ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வையி. செல்பியை அப்புறம் எடுத்துக்கலாம்.

காலேஜ்ல வாத்தியார் மொறைச்சாருன்னு வகுப்பை விட்டு வெளிய வந்தவன்லா நீ. அங்க அந்த ரோஷத்தை மடிச்சு பெட்டிக்குள்ள வையி. வேலை பெர்மிட்டு உன் பேர்ல இருந்தாலும், கயிறு முதலாளி கையில. வெள்ளிக்கிழமை உதறிட்டு, திங்கக்கிழமை பக்கத்து ஓட்டல்ல போய் நிக்க முடியாது. அந்தப் பெர்மிட்டுக்கான பணத்தைக் கட்ட வேண்டியதும் முதலாளிதான். "பெர்மிட் செலவு"ன்னு உங்க அப்பங்கிட்ட எந்த ஏஜெண்டாவது கை நீட்டினா, காப்பி குடுத்து அனுப்பிரு, காசு குடுக்காத. மயாமி வழியா டிக்கெட் போட்டா, சும்மா வண்டி மாறுறதுக்கே அமெரிக்கா விசா கேப்பான். அதையும் இப்பவே விசாரி.

அங்க செவன் மைல் பீச்னு பேர் போன கடற்கரை ஒண்ணு இருக்கு. நடந்து அளந்தா ஏழு மைல் தேறாது. உன் சம்பளத்தையும் அப்படித்தான் அளக்கணும்லே: எவ்வளவு தாராங்கிறதை ஊருக்குச் சொல்லு, எவ்வளவு மிஞ்சுதுங்கிறதை நோட்டுல எழுது.

போகாதன்னு சொல்லல. நூறு நாட்டு ஆளோட நின்னு வேலை பாத்தா, எந்தக் காலேஜும் சொல்லித் தராத சமையலும் சாமர்த்தியமும் வரும். இங்க காலையில ஆறு மணின்னா, அங்க முந்தின நாள் சாயங்காலம் ஏழரை. உங்க அம்மாவுக்கு அந்த நேரம் பாத்து ஒரு போன் போடு. எனக்கும் போடு. மாசக் கடைசியில மட்டும் "தாத்தா, கொஞ்சம் பணம்"னு ஆரம்பிச்சிராத. எனக்கு மணியார்டர் மட்டுந்தான் அனுப்பத் தெரியும். அது அந்தத் தீவுக்குப் போகாதுன்னு போஸ்ட்மேன்கிட்ட இன்னைக்கே கேட்டு வச்சுட்டேன்.