ஊர்வனக் கடையின் இலக்கணம்

இங்கிலாந்தின் நடுத்தர ஊர்களில், முடிதிருத்தும் நிலையத்துக்கும் மீன் வறுவல் கடைக்கும் நடுவே, சன்னலைப் பாதிக்குமேல் மறைத்துக்கொண்டு, உள்ளே நடப்பது சட்டப்படியானதுதானா என்ற ஐயத்தை வழிப்போக்கருக்கு உண்டாக்கும் ஒரு கடை அமைந்திருப்பது உண்டு. அதுவே ஊர்வனக் கடை. பாம்பு, பல்லி, ஓணான், ஆமை ஆகியவற்றையும், அவற்றுக்கான தீனி, விளக்கு, வெப்பக் கருவி, விவேரியம் எனப்படும் கண்ணாடி முகப்புப் பெட்டி ஆகியவற்றையும் விற்கும் சிறு வணிகம். சன்னலை மறைப்பதற்குக் காரணம் நாணமன்று. நேர்வெயில் படும் கண்ணாடிப் பெட்டி உள்ளிருக்கும் உயிரைக் கொல்லும் அளவுக்குச் சூடேறிவிடும் என்பதே. இத்தகைய கடைகளுள் நல்லது எது என்று ஆராயப் புகுவோர் எத்தனை வகை உயிர்கள் உள்ளன, என்ன விலை என்பவற்றையே அளவுகோலாகக் கொள்வர். இக்கட்டுரையாசிரியரின் முடிவு வேறு: ஊர்வனக் கடையின் தரத்தை அது விற்றவற்றைக் கொண்டு அளப்பதைவிட, விற்க மறுத்தவற்றைக் கொண்டு அளப்பதே முறை, கையில் பணத்தோடு வந்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்பிவைத்த பின்னும் கடைக்காரர் முகத்தில் நிறைவு காணப்படுமாயின், அது நல்ல கடை.

சட்டம் இதில் கீழெல்லையை மட்டுமே வகுக்கிறது. 2018 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, இங்கிலாந்தில் செல்லப்பிராணி விற்பவர் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து 1 முதல் 5 வரை நட்சத்திரம் வழங்குவார். அதற்கேற்ப உரிமம் ஓராண்டுக்கோ, ஈராண்டுக்கோ, மூவாண்டுக்கோ கிடைக்கும். தங்கும் விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கிய பழக்கம் மலைப்பாம்பின் தங்குமிடம் வரை நீண்டுவிட்டது எனலாம். இங்கே தங்குபவர் குறைகூறி எழுதுவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 16 வயது நிரம்பாதவருக்கு விலங்கு விற்பதைத் தடுக்கிறது. 1976ஆம் ஆண்டின் அபாயகரமான காட்டு விலங்குகள் சட்டம் நாகம், விரியன், முதலை ஆகியவற்றை வளர்ப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. ஆனால் இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் மலைப்பாம்புகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே 6 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய வலைக்கோட்டு மலைப்பாம்பு ஒன்றை அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுசெல்ல விரும்புபவருக்கு வயதும் விலையும் இருந்தால் சட்டம் குறுக்கே வராது. சட்டம் வாய்திறவாத அவ்விடத்தில் பேச வேண்டியவர் கடைக்காரர்.

நல்ல கடைக்காரர் பேசத்தான் செய்கிறார். சற்று அதிகமாகவே பேசுகிறார். குடியிருப்பது வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, வீட்டில் பூனை உண்டா, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உண்டா (ஊர்வன பலவும் சால்மொனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமியைத் தாம் நோயுறாமலே சுமப்பவை என்பதால் இக்கேள்வி), விடுமுறைக்கு வெளியூர் சென்றால் யார் பார்த்துக்கொள்வார், மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வதாக எண்ணம் என்று அவர் அடுக்கும்போது, பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பெண்ணின் தாய்மாமனிடம் அகப்பட்டுக்கொண்ட மாப்பிள்ளையின் நிலையை வாங்க வந்தவர் அடைகிறார். கடைசிக் கேள்விக்கு விடை தெரியாதவரை அவர் அன்றே திருப்பி அனுப்பிவிடுவது இயல்பு. வாங்க வந்தவர் தாம் என்ன கேட்க எண்ணியிருந்தார் என்பதையே மறந்துவிட்டால், விசாரணை முறையாக நடந்தது என்று கொள்ளலாம்.

இவ்விசாரணையைக் கடப்போர் பெரும்பாலும் சிறுத்தைப் பல்லியையோ தாடி ஓணானையோ நாடுவோர். சிறுத்தைப் பல்லி என்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறைநிலத்துக்குரியது. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்டது. வீட்டுச் சுவரில் வாடகையின்றிக் குடியிருந்து, கூப்பிடாமலே வந்து, கொசுவையும் தானே பிடித்து உண்ணும் பல்லியை நன்கறிந்த தமிழருக்கு, பல்லியைக் காசு கொடுத்து வாங்கி, பூச்சியையும் காசு கொடுத்து வாங்கி, அப்பூச்சியை இடுக்கியால் பிடித்து அதன் வாயருகே நீட்டும் இவ்வழக்கம் விளங்குவதற்குச் சிறிது காலம் பிடிக்கும். வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் உடலமைப்பிலும் வேறுபாடு உண்டு: சிறுத்தைப் பல்லிக்கு அசையும் இமை உண்டு, விரலில் ஒட்டும் தகடு இல்லை, எனவே கண்ணை மூடித் தூங்க அதனால் முடியும், சுவரேற முடியாது. சுவரேறாத பல்லி எவர் தலையிலும் விழுவதற்கு வழியில்லாமையால், பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கும் தொல்லை இதன் உரிமையாளருக்கு நேர்வதில்லை. விற்பனைக்கு இது ஒரு நல்ல வாதம், ஆயினும் இங்கிலாந்துக் கடைக்காரர் எவரும் இதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

தாடி ஓணானின் செய்தி வேறு. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைநிலத்துக்குரிய அவ்வோணான், வெயில் காயுமிடத்தில் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும், பெட்டியின் மறுகோடியில் 25 டிகிரி அளவில் ஒரு நிழலையும் எதிர்பார்க்கிறது. ஏனெனில் ஊர்வன தம் உடல்வெப்பத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாது, வெப்பத்துக்கும் குளிருக்கும் இடையே நகர்ந்தே அதைச் சரிசெய்துகொள்கின்றன. இதனோடு, தோலில் வைட்டமின் டி3 உண்டாவதற்குப் புற ஊதாக் கதிர்களுள் 'பி' எனப்படும் பகுதியும் வேண்டும். அது குறைந்தால் உணவிலுள்ள கால்சியம் எலும்பைச் சேராமல், தாடை இளகி, கால்கள் வளைந்துவிடும். சன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்று கேட்பவருக்கு, கண்ணாடி அக்கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே விடும் என்று விளக்கும் பொறுமை கடைக்காரருக்கு நாளொன்றுக்குப் பலமுறை தேவைப்படுகிறது. எந்த உயிருக்கு எவ்வளவு கதிர் என்பதற்கும் நூல் உண்டு: கேரி பெர்குசனும் அவருடைய குழுவினரும் ஜமைக்காவிலும் அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் தென்பகுதியிலும் வாழும் ஊர்வன வெளியில் உண்மையாகப் பெறும் கதிரளவை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, நிழல் விரும்பிகள் முதல் நண்பகல் வெயில் காய்வோர் வரை நான்கு மண்டலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நல்ல கடைக்காரரின் கண்களில் ஒளி கூடுவதையும், வாடிக்கையாளரின் கண்களில் அது குறைவதையும் ஒருங்கே காணலாம்.

இவ்விளக்கத்தின் முடிவில் நல்ல கடை செய்யும் செயல் விந்தையானது. பெட்டி, விளக்கு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், இரண்டு வெப்பமானிகள் ஆகியவற்றை விற்றுவிட்டு, இவற்றை வீட்டில் பொருத்தி, சில நாள்கள் இயக்கிப் பார்த்து, வெப்பநிலை நிலைத்த பிறகு வந்து ஓணானை எடுத்துச்செல்லுங்கள் என்று அது கூறுகிறது. விலங்கின் விலையைவிடப் பன்மடங்கு கொடுத்து, விலங்கு இல்லாமல் வீடு திரும்பிய குடும்பம், மாலை முழுதும் கூடத்தில் அமர்ந்து, ஒளிவெள்ளத்தில் தகதகக்கும் வெற்றுப் பெட்டியை உற்று நோக்கிக்கொண்டிருக்கும். தரங்குறைந்த கடை அனைத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி அன்றே ஓணானையும் கொடுத்தனுப்பிவிடும். அக்கட்டில் பெரும்பாலும் வண்ண மணல் இருக்கும், தெர்மோஸ்டாட் இராது.

இப்படி விற்பனையைத் தள்ளிப்போடும் வணிகம் எவ்வாறு பிழைக்கிறது என்ற கேள்வி எழுவது முறையே. இதற்கு விடை சுவர்க்கோழி, அதாவது இரவில் சமையலறை மூலையிலிருந்து விடாது ஒலிக்கும் அச்சிறு பூச்சி. பல்லி ஒருமுறைதான் விற்கப்படும். ஆனால் நன்கு பேணப்பட்ட சிறுத்தைப் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வாழும், அத்தனை ஆண்டுகளும் உயிருள்ள பூச்சியையே உண்ணும். ஆதலால் பொருளியல் நோக்கில் பல்லி என்பது சுவர்க்கோழி விற்பதற்கான நீண்டகால ஏற்பாடு. மூன்று மாதத்தில் இறந்துபோகும்படி விற்கப்பட்ட பல்லி, கடைக்காரர் தம் வருமானத்தின் மீதே செய்துகொண்ட சேதம். இரக்கமும் இலாபமும் ஒரே திசையில் செல்லும் துறைகள் உலகில் அரிது. இத்துறைக்கு அப்பேறு சுவர்க்கோழியால் வாய்த்தது.

ஆகவே கடையை மதிப்பிட வருபவர் பாம்புப் பெட்டிகளுக்கு முன் பூச்சிப் பெட்டிகளைப் பார்ப்பது நலம். மூடியில் துளையிட்ட நெகிழிப் பெட்டிகளில், முட்டை அடுக்கும் அட்டைத் துண்டுகளுக்கிடையே, பழுப்புச் சுவர்க்கோழியும், அதைவிட உரக்கப் பாடும் கறுப்புச் சுவர்க்கோழியும், உழவர் உலகெங்கும் அஞ்சும் வெட்டுக்கிளியும் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பெட்டியின் அடியில் பாதி இறந்து கிடந்தால், அக்கடையில் மற்றவையும் அவ்வாறே பேணப்படுகின்றன என்று கொள்ளலாம். நல்ல கடையில் பூச்சிகளுக்கும் கீரையும் காரட்டும் கிடைக்கும். உண்ணப்படப் போகும் பூச்சியின் வயிற்றைச் சத்தான உணவால் நிரப்பி, மேலே கால்சியப் பொடியும் தூவி இரையாக்குவது முறை. பிறருக்கு உணவாவதற்கு முன் இவ்வளவு உபசாரம் பெறும் உயிர் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. தப்பியோடிய ஒரு கறுப்புச் சுவர்க்கோழி குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி, இரவெல்லாம் துணை தேடிப் பாடத் தொடங்கினால், அதை நிறுத்தும் வழியை மட்டும் எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை.

குளிர்பதனப் பெட்டியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பாம்புக்குரிய எலிகள் உறைநிலையில் விற்கப்படுகின்றன. மயிர் முளைக்காத பிறந்த குஞ்சு 'பிங்கி', மெல்லிய மயிர் முளைத்தது 'ஃபஸ்ஸி', துள்ளத் தொடங்கியது 'ஹாப்பர்' என்று பருவந்தோறும் பெயருண்டு. இவற்றை வெந்நீரில் வைத்து இளக்க வேண்டும், மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாகாது என்று கடைக்காரர் மும்முறை வலியுறுத்துவார். அவர் முகக்குறிப்பைக் கண்டவர் காரணம் கேட்பதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ராயல் பைத்தான் என்னும் சிறு மலைப்பாம்பு இந்த எலியைப் பல வேளைகளில் ஏறெடுத்தும் பாராது. நல்ல உடல்நிலையிலுள்ள பெரிய பாம்புகூட மாதக்கணக்கில், கோரிக்கை எதையும் வெளியிடாமல், உண்ணாநோன்பு இருக்க வல்லது. மனங்கலங்கி ஓடிவரும் உரிமையாளரை அமரவைத்து, பாம்பின் எடை குறைந்துள்ளதா, பெட்டியின் வெப்பம் என்ன, ஒளிந்துகொள்ள இடம் உண்டா என்று கேட்டு, எடை குறையாதவரை அஞ்ச வேண்டாம், நாள்தோறும் எடுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று கூறியனுப்புவது நல்ல கடையின் கட்டணமில்லாச் சேவை; எடை குறைந்திருந்தால் ஊர்வன மருத்துவம் பயின்ற கால்நடை மருத்துவரின் முகவரியைத் தருவதும் அதில் அடங்கும். இப்பாம்பிலேயே 'மார்ஃப்' எனப்படும் நிற வகைகள் பல உண்டு. அவற்றுள் 'ஸ்பைடர்' என்னும் வகை, அழகிய வலைக்கோலத்தோடு, நிலைகொள்ளாமல் ஆடும் தலையையும் பிறவியிலேயே பெற்று வருவது. சிறுத்தைப் பல்லியில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்னும் பளிச்சிடும் வகைக்குக் காரணமான மரபணுவே நிறமிச் செல்களில் கட்டியையும் தோற்றுவிக்கிறது. இவை இரண்டும் இல்லாத அலமாரி நல்ல அறிகுறி.

ஆமை விற்பனையில் மறுப்பு இன்னும் தேவை. 1990ஐ ஒட்டி நிஞ்ஜா ஆமைக் கார்ட்டூன் படங்கள் பரவியபோது, நாணய அளவில் வாங்கப்பட்ட செங்காது நீராமைகள் உணவுத்தட்டு அளவுக்கு வளர்ந்து, பூங்காக் குளங்களில் விடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. தரையாமையோ வாங்கியவரைவிட அதிக காலம் வாழக்கூடியது. செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் வைட் 1780இல் தம் அத்தையின் மறைவுக்குப் பின் பெற்ற டிமத்தி என்னும் ஆமை, அத்தையையும் வென்று, 1793இல் இறந்த பாதிரியாரையும் வென்று, மறு ஆண்டுதான் இறந்தது; அதன் ஓட்டை ஆராய்ந்தோர் அது பெண்ணாமை என்று கண்டனர். இயற்கை வரலாற்றில் புகழ்பெற்ற நூல் எழுதியவரே ஆமையின் பாலை அறியாதிருந்தபோது, சனிக்கிழமை கடைக்கு வருபவரிடம் அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. இன்று ஹெர்மன் ஆமை விற்பதற்கு அதற்கெனத் தனிச் சான்றிதழ் வேண்டும்; நல்ல கடைக்காரர் அச்சான்றிதழைக் கையில் கொடுக்கும்போது, உயிலில் ஆமையின் பெயரைச் சேர்க்கும்படி நகைக்காமல் கூறுவார்.

ராயல் பைத்தான் 20 ஆண்டுகளைக் கடந்தும் வாழும் என்பதால், அதே சிக்கல் சிறிய அளவில் பாம்பிலும் எழுகிறது. 14 வயதில் மகன் கெஞ்சிக் கேட்ட பாம்பைக் கடையில் சட்டப்படி வாங்கியவர் தாய். 16 வயதுக்குட்பட்டவர் வளர்க்கும் விலங்குக்கு அவரைப் பராமரிப்பவரே பொறுப்பு என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமும் கூறிவிட்டது. மகன் பல்கலைக்கழக விடுதிக்குச் செல்ல, விடுதி பாம்பை அனுமதிக்க மறுக்க, அறைக்குள் எட்டிப் பார்க்கவும் அஞ்சிய தாய் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வருவது இத்துறையில் பழகிய காட்சி. நல்ல கடை திரும்ப ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு முன், எலியை எவ்வாறு இளக்குவது என்று ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, இன்னும் திருப்பித் தர விருப்பமா என்று கேட்கும். அத்தகைய தாய்மாருள் சிலர் மறுவாரம் பெரிய பெட்டி கேட்டு வருகின்றனர். மூன்றாண்டுக்குப் பின் பட்டத்தோடு திரும்பும் மகன் பாம்பைக் கேட்டால் யாருக்கு உரிமை என்பதற்கு மேற்கூறிய சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லாமையால், அவ்வழக்கும் கடைக்காரரிடமே வருகிறது.